பர்த்தலமேயுவைத் தேடி ஆறு நாள்

ஆகஸ்ட் 19, செவ்வாய் – கல்யாண்

லோனாவளா தாண்டி மலை இறங்கும்போதே தெரிந்துவிட்டது, இது நம்ம ஊர் மழை இல்லை. பாறைக்குப் பாறை அருவி கொட்டுகிறது, எதிர்ப் பெட்டி தெரியாத அளவுக்கு மேகம், சன்னலை இறக்கிவிட்டாலும் இருக்கையெல்லாம் ஈரம். கர்ஜத்துக்கு அப்புறம் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. கல்யாணுக்கு வந்தபோது மாலை 5 மணி இருக்கும். அதோடு சரி. குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர், மித்தி ஆறு கரை தாண்டுகிறது என்று ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு செய்தி.

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்தது. திண்டுக்கல்லிலிருந்து நான் கிளம்பியதே இந்தக் கல்யாணைப் பார்க்கத்தான். தாராவியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு, ஒருநாள் சாவகாசமாகத் திரும்பி வரலாம் என்று நினைத்திருந்தேன். மழை முதல் நாளே இங்கே இறக்கிவிட்டது.

அப்பா பிறந்தது ஒரு ஆகஸ்ட் 24. அன்றைக்கு இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான அப்போஸ்தலர் பர்த்தலமேயுவின் திருநாள், அதனால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 38 வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலை வளைந்த மரத்தில் போட்டு, இரண்டு முனையிலும் பிடி வைத்த கத்தியால் சவ்வை வழிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பில் வெடித்திருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் பர்த்தலமேயு படம் ஒன்று உண்டு. ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் துணி போலத் தொங்குவது அவருடைய சொந்தத் தோல். உயிரோடு தோலை உரித்துக் கொன்றார்கள் என்பது மரபு. சின்ன வயதில் அந்தப் படத்துக்கு நேராகப் படுக்கவே மாட்டேன். அப்பா சொல்வார்: "தோலு போற வலி தெரிஞ்ச மனுசன்த்தா அவரு. அதான் தோலு வேல பாக்குறவன கைவிட மாட்டாரு." ஐரோப்பாவிலும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் தோல் வேலைக்காரர்களுக்கும் புத்தகம் கட்டுகிறவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர் என்று பின்னாளில் படித்தபோது, அப்பாவுக்கு யார் சொன்னது என்று ஆச்சரியமாக இருந்தது.

பங்குச் சாமியார் ஒருவர் எப்போதோ சொல்லியிருக்கிறார், பர்த்தலமேயு பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் வரைக்கும் வந்தவர் என்று. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "ஒந்தங்கச்சி ஊருக்கே வந்திருக்காருடா என் சாமி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். போய்ப் பார்க்கவில்லை. போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரவு 8 மணி ஆகியும் வண்டி நகர்கிற மாதிரி இல்லை. பக்கத்து இருக்கையில் புனேயில் ஏறிய அம்மா ஒருத்தர், அதுவரை மராத்தியில் போன் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று "தமிழாம்மா?" என்றார். விழுப்புரத்துக் குடும்பம், மாமனார் காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து கல்யாண் கிழக்கில் தங்கிவிட்டவர்கள். "இந்த வண்டி இன்னிக்குப் போகாது. பொம்பளப் புள்ள தனியா ஸ்டேஷன்ல கெடக்கக் கூடாது, எங்கூட வா" என்று என் பையைத் தூக்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில் அவர் பின்னாலேயே நடந்தேன். வீட்டில் சூடாகச் சோறு, மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அத்தைக்குப் போன் போட்டு அவரே பேசி, "நாளைக்குப் பத்திரமா அனுப்பி வெக்கிறேன்க்கா" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கு நான் யாரென்றே தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன் – கல்யாண், தாராவி

காலையில் தூறல்தான். அந்த அம்மாவின் மகன் பைக்கில் துர்காடிக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனான். மேட்டில் ஏறி நின்றால் கீழே கழிமுகம், உல்லாஸ் ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு கடலைப் பார்க்கப் போகிறது. பாலத்தில் லாரிகள். வழியில் வடாபாவ் 20 ரூபாய், கட்டிங் டீ 10 ரூபாய். பூண்டுப் பொடி காரம் கண்ணில் நீர் வரவழைத்தது, அந்த ஈரக் காற்றுக்கு அது நன்றாகவே இருந்தது.

இந்தத் தண்ணீரைப் பற்றி அப்பாவிடம் சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிக் கடற்பயணக் குறிப்பில், பெரிப்ளஸ் என்பார்களே, அதில் இந்த ஊர் 'கல்லியேனா' என்று வருகிறது. ஒரு காலத்தில் முறையான சந்தை ஊராக இருந்தது, பிறகு ஆட்சி மாறி, இங்கே வந்துவிடும் கிரேக்கக் கப்பல்களைக் காவலோடு குஜராத்தின் பரூச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று இருக்கிறது. பம்பாயின் கான்ஹேரி பௌத்தக் குகைகளில் கல்யாண் ஊர்க்காரர்கள் கொடுத்த தானங்கள் கல்வெட்டாகவே இருக்கின்றன. அதாவது எகிப்திலிருந்து ஓர் ஆள் கப்பலேறினால் வந்து சேரக்கூடிய இடம்தான் இது.

பர்த்தலமேயு வந்தார் என்பதற்கு என்ன இருக்கிறது? நாலாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ், அலெக்சாந்திரியாவின் மறைக்கல்விப் பள்ளியை நடத்திய பந்தேனுஸ் என்ற அறிஞரைப் பற்றிச் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் 'இந்தியர்களிடம்' போனாராம். அங்கே ஏற்கெனவே கிறிஸ்துவை அறிந்தவர்கள் இருந்தார்களாம், அவர்கள் கையில் எபிரேய எழுத்தில் மத்தேயு நற்செய்தி இருந்ததாம், அதை அங்கே விட்டுப் போனவர் பர்த்தலமேயுவாம். அவ்வளவுதான். ஒரு பத்திகூட முழுசாக இல்லை. அவருக்குப் பின் வந்த திருச்சபை அறிஞர் ஜெரோமும் இதையே திரும்பச் சொல்கிறார். அந்தக் காலத்தில் இந்தியா என்ற பெயரை அரேபியாவின் தென்கரைக்கும் எத்தியோப்பியாவுக்கும்கூடச் சொல்வார்கள் என்பதால், அது இந்த இந்தியாவே இல்லை என்கிற அறிஞர்கள் உண்டு. இல்லை, கொங்கணக் கரைதான், கல்யாண்தான் என்று வாதிட்டவர்களும் உண்டு, பெருமாளில் என்ற சேசு சபைக் குரு அதில் முக்கியமானவர். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், 'கல்லியானா'வில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஆயர் ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறார். ஆனால் பர்த்தலமேயுவுக்கும் அந்த ஆயருக்கும் நடுவே 500 வருஷ இடைவெளி.

இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு அப்போஸ்தலர் தோமாவுக்குச் சென்னையில் பரங்கிமலை இருக்கிறது, சின்னமலை இருக்கிறது, சாந்தோம் இருக்கிறது. தோமாவைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவன் கிடையாது. பர்த்தலமேயுவுக்கு, நான் நின்ற அந்த மேட்டில், ஒரு கல்கூட இல்லை. அந்தப் பையனிடம் சொன்னேன், எங்கப்பாவோட சாமி இந்தத் தண்ணி வழியா வந்ததா சொல்லுவாங்க என்று. அவன் கழிமுகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அக்கா, அப்ப பாலம் இருந்திருக்காது இல்ல? இது முழுக்க படகாத்தான் இருந்திருக்கும்" என்றான். அதற்கு அப்புறம் எனக்கும் பாலம் கண்ணில் படவில்லை.

மதியத்துக்கு மேல் ரயில் ஓட ஆரம்பித்து, சயானில் இறங்கி, தாராவி. அத்தை வாசலிலேயே நின்றது. "ஏத்தா, எளச்சுப் போயிட்டியே" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. அப்பா போன பிறகு நாங்கள் நேரில் பார்ப்பது இப்போதுதான். ராத்திரி பொம்பில் மீன் குழம்பு. எலும்பே தெரியாத மெத்து மீன், புளி தூக்கலாக, அத்தை கைப் பக்குவத்தில். சோறு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன் – தாணே

தாணேக்குப் போனது இன்னொரு கதைக்காக. அங்கே மறைசாட்சிகளாக இறந்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகளின் கதை அது. பர்த்தலமேயுவின் கதை போல மூடுபனி இல்லை, வருஷம் மாதத்தோடு இருக்கிறது. 1321 ஏப்ரல். தொலெந்தினோ ஊர்த் தோமா, பதுவா ஊர் யாக்கோபு, சியன்னா ஊர்ப் பேதுரு, திஃப்லிஸ் ஊர்த் தெமேத்திரியு. கூடவே ஜோர்தானுஸ் என்ற தொமினிக்கன் துறவி. கொல்லத்துக்குப் போக, பாரசீக வளைகுடா வாயிலில் இருக்கும் ஓர்முசில் கப்பலேறியவர்களை அது தாணேயில் கொண்டுவந்து விட்டது. அங்கே நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள், அதாவது பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், 15 வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் வீட்டில் தங்கினார்கள்.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டியை அடித்துவிட்டான். அவள் காஜியிடம், அதாவது இஸ்லாமிய நீதிபதியிடம், போய் முறையிட்டாள், சாட்சி யார் என்றால் வீட்டில் தங்கியிருக்கும் துறவிகள் என்றாள். அப்படித்தான் அவர்கள் காஜி முன்னால் போய் நின்றார்கள். பேச்சு வழக்கை விட்டு மதத்துக்குத் தாவியது, கடைசியில் உயிரில் போய் முடிந்தது. அவர்களைக் கொன்ற ஊர்த் தலைவனைத் தில்லி சுல்தான் பிறகு தண்டித்தார் என்றும் அந்தக் காலத்துப் பயணி ஒதோரிக் எழுதுகிறார். அடி வாங்கிய ஒரு பெண்ணுக்குச் சாட்சி சொல்லப் போனதில் தொடங்கியது என்பதை நான் மறப்பதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மசுண்டா ஏரிக்கரையில் யோவான் கோயில். ஏரி தளும்பி நின்றது. கோயிலுக்குள் இரண்டு பாட்டிகள் மராத்தியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி என்னைப் பார்த்து, ஈரச் சேலையோடு மின்விசிறிக்கு அடியில் உட்காராதே என்று கையால் காட்டி, நகர்ந்து இடம் கொடுத்தார். மொழி தெரியாததால் நான் தமிழில் அருள்நிறைந்த மரியே சொன்னேன், அவர்கள் அவர்கள் மொழியில் பதில் பாதியைச் சொன்னார்கள். ஐம்பது மணியும் அப்படியே முடிந்தது.

சாப்பாடு மாமலேதார் மிசல். கிண்ணத்தில் சிவப்பாக எண்ணெய் மிதக்கிறது, அதில் முளைகட்டிய பயறு, மேலே காராபூந்தி மாதிரி ஒன்று, தொட்டுக்கொள்ளப் பாவ். காரத்துக்குப் பேர்போன திண்டுக்கல்காரிக்கே காது அடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தன் மோர்த் தம்ளரை, வாய் வைக்காததுதான், என் பக்கம் தள்ளிவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி – நாலாசோபாரா

மாகிமில் விரார் வண்டி ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஏறியதும் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி, எங்கே இறங்குவாய். உட்கார்ந்திருப்பவர் இறங்கும் இடத்தை முதலில் கேட்டவருக்கு அந்த இடம். யாரும் சண்டை போடுவதில்லை, வாய்ப் பேச்சுதான் பட்டா. மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ள எனக்கு இடம் கிடைத்தது. எதிரில் ஒரு பெண் மடியில் தாளை விரித்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே வந்தாள். போரிவலிக்குள் கால் கிலோ முடித்துவிட்டாள்.

சோபாரா பழைய துறைமுகம். தாணேயில் இறந்த அந்த நால்வரின் உடலையும் ஜோர்தானுஸ் எடுத்துப்போய் இங்கேதான் அடக்கம் செய்தார். கொஞ்ச காலம் கழித்து ஒதோரிக் வந்து எலும்புகளை எடுத்துக்கொண்டு சீனாவுக்குக் கிளம்பினார். வழியில் தங்கிய வீட்டுக்குத் தீ வைத்தபோது, எலும்பு வைத்திருந்த மூலை மட்டும் வேகவில்லையாம். கடலில் காற்று நின்று கப்பல் அசையாதபோது யாருக்கும் தெரியாமல் ஓர் எலும்பைத் தண்ணீரில் போட்டாராம், காற்று கிளம்பியதாம். அவரே எழுதியிருக்கிறார்.

பர்த்தலமேயுவின் எலும்புகளும் இப்படி ஊர் சுற்றியவைதான். அர்மேனியாவில் கொல்லப்பட்டவர், ஈயப் பெட்டியில் கடலில் மிதந்து சிசிலிக்குப் பக்கத்தில் லிப்பாரித் தீவில் ஒதுங்கினார் என்கிறது கதை. அங்கிருந்து 838-இல் பெனெவெந்தோ. பிறகு ரோமாபுரியில் திபேர் ஆற்றின் நடுத்தீவில் அவர் பெயரில் ஒரு கோயில். தண்ணீர் வழியாகவே போய்க்கொண்டிருந்தவர்.

சோபாராவில் இன்று பார்க்க இருப்பது பௌத்த ஸ்தூபி. ஆட்டோக்காரருக்கு ஸ்தூபி என்றால் தெரியவில்லை, 'புருட் ராஜாச்சா கோட்' என்றதும் சட்டென்று புரிந்தது. செங்கல் மேடு, சுற்றிலும் மரம், புல் இடுப்பளவு. 1882-இல் பகவன்லால் இந்திரஜி இதைத் தோண்டியபோது உள்ளே கல் பேழை, அதற்குள் செம்புச் சிமிழ், அதைச் சுற்றி வெண்கலப் புத்தர் உருவங்கள் எட்டு, சிமிழுக்குள் சிமிழாக வெள்ளி, கல், பளிங்கு, பொன், கடைசியில் மண் ஓட்டுத் துண்டுகள். புத்தரின் பிச்சைப் பாத்திரத்தின் துண்டுகள் என்று நம்பி யாரோ அவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள். அசோகரின் பாறைக் கட்டளைத் துண்டும் இந்த ஊரில்தான் கிடைத்தது. பர்த்தலமேயு இந்தக் கரைக்கு வந்திருந்தால், இந்த மேடு அப்போதே எழுந்திருந்ததோ என்னவோ, எழுந்திருந்தால் புதிதாக, வெள்ளைச் சுதையோடு இருந்திருக்கும். அவர் இதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருப்பார்.

திரும்பும்போது சேற்றில் கால் புதைந்தது. இழுத்ததும் இடது செருப்பின் கட்டைவிரல் வார் தைத்த இடத்தோடு பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அது கடையில் வாங்கியதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அப்பா கையால் பதனிட்ட தோல், அதைத் தாராவிக்கு அனுப்பி, அத்தை வீட்டு மாமா எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது. பதினோரு வருஷமாக வைத்திருந்து நல்ல நாளுக்கு மட்டும் போடுவேன். மழையில் தோல் செருப்பு ஆகாது என்று தெரியும். ஆனாலும் பர்த்தலமேயு நின்ற மண்ணில் அப்பாவின் தோல் படட்டும் என்று எடுத்துவந்திருந்தேன்.

மேட்டுக்குப் பக்கத்தில் சாமந்திப்பூ விற்றுக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, குடத்துத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, வாழை இலையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அவள் பிள்ளையின் ரப்பர் செருப்பைக் காட்டினாள், என் காலுக்குப் பத்தவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலில் செருப்பில்லாமல்தான் வந்தேன். அங்கே ரப்பர் செருப்பு 120 ரூபாய். அத்தைக்குப் பிடிக்கும் என்று வசை சுகேளி, வெயிலில் காய்ந்த வாழைப்பழம், ஒரு பொட்டலம் வாங்கினேன். தேன் மாதிரி ஒட்டுகிறது.

ஆகஸ்ட் 23, சனி – தாராவி

உடம்பு வலி, லேசாகக் காய்ச்சல். எங்கும் போகவில்லை.

செருப்பை நான் அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்து மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பட்டை போட்ட தோலைச் சூட்டுல வெச்சா வெறகா போயிரும்மா. நெழல்லதான் காயணும்." உள்ளே பழைய செய்தித்தாளை அடைத்து, மின்விசிறிக் காற்றில் தள்ளி வைத்தார். மாமாவுக்கு 66 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது இங்கேதான். சின்னப் பையனாக இருந்தபோது தாராவியில் பச்சைத் தோல் மலை மலையாகக் கிடக்குமாம். 1971-இல் அறுவைக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனது, பதனிடும் ஷாப்புகளும் ஒவ்வொன்றாகப் போயின, இப்போது பதனிட்ட தோலை வெளியூரிலிருந்து வாங்கிப் பர்சும் பெல்ட்டும் தைக்கிறார்கள். 2015-இல் மாட்டிறைச்சிச் சட்டம் வந்த பிறகு இன்னும் குறைந்துவிட்டது. மாமாவின் பட்டறை மாடியில் ஒரு அறை, இரண்டு மிஷின், அவரையும் சேர்த்து மூன்று பேர். "ஒங்கப்பன் அனுப்புன மாதிரி பட்டைத் தோலு இப்ப கைக்கு வர்றதில்ல. எல்லாம் குரோம்தான்" என்றார். பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பில் பதனிட்ட தோலைச் சொல்கிறார்.

செருப்பு காய்ந்துகொண்டிருக்க, மாமாவுக்குப் பர்த்தலமேயு கதையைச் சொன்னேன். பைபிளில் அவர் பேச்சு ஏறக்குறைய இல்லை. பன்னிருவர் பட்டியலில் பெயர் வரும், தொல்மாயின் மகன் என்று அர்த்தம். யோவான் நற்செய்தியில் வரும் நத்தனியேல்தான் அவர் என்பது மரபு. நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வர முடியுமா என்று கேட்டவர். "வந்து பாரும்" என்று பிலிப்பு கூட்டிப்போனார். இயேசு பார்த்ததுமே, இவர் கபடற்றவர் என்றார், அத்திமரத்தின் கீழ் நீர் இருந்தபோதே உம்மைக் கண்டேன் என்றார். மாமா கேட்டார், அத்திமரத்துக்குக் கீழே என்ன செஞ்சிட்டிருந்தாராம்? அது எழுதப்படவில்லை என்றேன். "ஏதாவது வேல பாத்திட்டிருந்திருப்பாரு" என்றார்.

பிற்காலத்தில் எழுந்த பாடுகளின் கதையில் அவர் இந்தியாவுக்கு வருகிறார், அஸ்தரோத் என்ற தெய்வத்தின் கோயிலில் வழிப்போக்கரைப் போல வந்து தங்குகிறார். அதற்குப் பிறகு அந்தச் சிலை குறி சொல்வதை நிறுத்திவிடுகிறது. ஜனங்கள் இன்னொரு கோயிலுக்குப் போய் ஏன் என்று கேட்க, அங்கிருந்த பேய் பர்த்தலமேயுவின் அடையாளங்களைச் சொல்கிறது: சுருண்ட கருமுடி, பெரிய கண்கள், ஊதாக்கரை போட்ட வெள்ளை ஆடை. அந்த ஆடை 26 வருஷமாக அழுக்காகவும் இல்லை, நைந்துபோகவும் இல்லை, அவருடைய அகல வார்ச் செருப்பும் 26 வருஷமாகத் தேயவில்லை.

மாமா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "26 வருசமா? நடக்குற மனுசனுக்கா?" தொழில்காரர் கேட்கிற கேள்வி. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பட்டைத் தோலா இருந்திருக்கும். குரோம் அப்ப ஏது" என்றார், மனதார.

மீதிக் கதையையும் சொன்னேன். பொலிமியுஸ் என்ற அரசனின் மகளைப் பேயிடமிருந்து விடுவிக்கிறார், அரசன் ஞானஸ்நானம் பெறுகிறான், அரசனின் அண்ணன் அஸ்தியாகேஸ் கோபம் கொண்டு அவரைக் கொல்கிறான். அர்மேனியாவின் அல்பனோபோலிசில் தோலை உரித்தார்கள் என்பது இன்னொரு மரபு, அர்மேனியத் திருச்சபை இன்னொரு அப்போஸ்தலரான ததேயுவோடு சேர்த்து இவரையும் தன் முதல் தந்தையாகக் கொண்டாடுகிறது. ரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ வரைந்த இறுதித் தீர்ப்பில் பர்த்தலமேயு கையில் தொங்கும் தோலுக்கு, ஓவியர் தன் முகத்தையே வரைந்தார் என்பார்கள். உரித்த இடத்தில் மாமா எதுவும் கேட்கவில்லை. அத்தைதான் உள்ளேயிருந்து, "போதும்த்தா, ராத்திரி நேரத்துல" என்றது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா உட்கார்ந்தார். பிய்ந்த இடத்தில் பழைய நூலை முழுக்க உருவினார். வாரின் முனை நைந்திருந்ததால் அரை விரல் அளவு வெட்டிவிட்டு, உள்பக்கம் ஒரு துண்டுத் தோலை ஒட்டிக் கனம் கொடுத்தார். மெழுகு தேய்த்த நூல், இரண்டு ஊசி, ஒரே துளையில் எதிரும் புதிருமாக. துளைக்கு முன்னால் ஆரியை ஒவ்வொரு தடவையும் தன் தலைமுடியில் ஒருமுறை தேய்த்துக்கொள்கிறார், எண்ணெய்ப் பசைக்கு. பதினான்கு தையல். கடைசியில் விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு செருப்பையும் துடைத்தார். தோல் மெல்லக் கருத்து, பழைய பழுப்பு திரும்பி வந்தது. மூக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஆவாரம்பட்டை வாசனை இன்னும் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – தாராவி

திருநாள். ஆனால் இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டது. ஞாயிறு என்றால் அப்போஸ்தலர் திருநாள் விட்டுக்கொடுத்துவிடும், பொதுக்காலம் 21-ஆம் ஞாயிறு பூசைதான். இது எனக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. காலையில் நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அப்பாவோடு ஒவ்வொரு வருஷமும் அவர் பெயரைப் பூசையில் கேட்டுப் பழகியவள், இத்தனை தூரம் வந்து, இந்த நாளில் அந்தப் பெயர் இல்லாமல் இருக்கப் போகிறேன்.

அத்தையிடம் சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் தலையில் முக்காடு போட்டுக்கொண்டது.

தமிழ்ப் பூசைக்குக் கோயில் நிறைந்து, வெளியே தகரக் கூரையின் கீழும் ஆட்கள். மழை தகரத்தில் அடிக்கிறது, ஒலிபெருக்கி கூட்டிக் கூட்டி வைக்கிறார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சேலைப் பாட்டிகள். பின்னால் வேலைக்குப் போகிற பையன்கள், நனைந்த சட்டையோடு. மாமா என் காலைப் பார்த்தார், செருப்பு இருக்கிறதா என்று. இருந்தது.

சாமியார் பீடத்துக்கு வந்து வணக்கம் சொல்லி, இன்றைய பூசைக் கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். ஒருவருக்குப் பிறந்தநாள், ஒரு தம்பதிக்குத் திருமண நாள், ஒரு பிள்ளைக்கு உடல் சுகம். அப்புறம், "இறந்த பர்த்தலமேயுவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வருகிறேன் என்று போன் செய்த அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்கிறது.

முதல் வாசகம் எசாயா. என் பெயரைக் கேள்விப்படாத தூரத்துக் கடற்கரைகளுக்கு ஆட்களை அனுப்புவேன் என்று வருகிற பகுதி. நற்செய்தி லூக்கா, இடுக்கமான வாசல், கிழக்கிலும் மேற்கிலும் இருந்து ஆட்கள் வந்து பந்தியில் அமர்வார்கள் என்பது. எனக்கு அதற்குமேல் கண் மறைத்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே செருப்புக் குவியலில் என்னுடையதைத் தேடினேன். பக்கத்தில் ஒரு பெரியவர், விரல் நுனியெல்லாம் சாயக் கறை, அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது என்றதும் கொடுத்துவிட்டு, "இது பட்டைத் தோலாச்சேம்மா, எங்க கெடச்சது?" என்றார். எங்கப்பா பதனிட்டது என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன்.

"இப்ப உள்ள சாமியார் வாசிச்சாரே, அவரா?"

ஆமாம் என்றேன். அவர் அந்த மழையில் குனிந்து, செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் அத்தை அல்வா வாங்கியது, கால் கிலோ 90 ரூபாய். அப்பா ஒவ்வொரு ஆகஸ்ட் 24-க்கும் எங்களுக்கு வாங்கி வருவது அதுதான்.